டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதிய வயது

பிள்ளைகளா, முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இந்த வருடம் நீங்கள் ஏழு பேர் பயிற்சி முடித்து வருகிறீர்கள். அதில் என் மகள் செல்வியும் ஒருத்தி. “அப்பா, நீங்க பாத்த வேலைதானே, எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க” என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நீளமாகக் கடைசியாக எழுதியது, குற்றாலத்து லாட்ஜ் மேனேஜருக்கு லீவு கேட்டு எழுதிய கடிதம்தான். அதற்கும் லீவு கிடைக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

படுத்திருப்பவரை எப்படிப் புரட்டுவது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்ப்பது, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது, இதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன். அதை எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள்.

நான் முதலில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலை பார்த்தவன். சாரல் விழும் மூன்று மாதமும் மூச்சுவிட நேரம் இருக்காது. அருவியில் தண்ணீர் நின்றால் எங்களுக்கும் எல்லாம் நின்றுவிடும். அப்படி ஒரு சீசன் முடிந்த நேரத்தில்தான் அந்த லாட்ஜ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேலகரத்தில் ஒரு ராணுவக்காரர் வாதம் வந்து படுத்திருக்கிறார் என்றார். “இடது பக்கம் விளங்கல. உனக்குத்தான் உடம்பைப் புடிச்சுப் பழக்கமாச்சே, போய்ப் பாரு. மாசாமாசம் அவருக்குப் பென்ஷன் வருது. அதுலேர்ந்து உனக்குச் சம்பளம் தந்துருவாங்க.”

அவர் பெயர் வேலாயுதம். கடையம் பக்கம் பிறந்தவர். இருபத்து நாலு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். பிறகு ஒரு வங்கியில் துப்பாக்கி பிடித்து வாசலில் நிற்கும் காவலர் வேலை பார்த்தார். வீட்டில் அவரும் அவர் மனைவி கோமதி அக்காவும் மட்டும். ஒரே மகள் மீனா சென்னையில்.

முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். எண்ணெய் தேய்க்கிற கல்லில் ஆள் படுத்துவிட்டால் நாங்கள் கை போன போக்கில் தூக்குவோம், திருப்புவோம். அவரும் பத்து நிமிடத்தில் எழுந்து காசைக் கொடுத்துவிட்டு அருவிக்குப் போய்விடுவார். அந்தப் பழக்கத்தில் இவரையும் தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்து ஒரே புரட்டாகப் புரட்டினேன்.

“ஏலே, நிறுத்துலே! நான் என்ன அரிசி மூட்டையா? திருப்பப் போறேன்னு சொல்ல மாட்டியோ?”

அடுப்படியிலிருந்து கோமதி அக்காவின் குரல் வந்தது. “சொல்லாம எதையும் செய்யப்பிடாது தம்பி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்ல அதுதான் சட்டம். நான் உப்பு போடுததுக்கே உத்தரவு கேட்டவ.”

“பொய் சொல்லுதா. உத்தரவு கேட்டிருந்தா சாம்பாரு ஏன் அப்பிடி இருக்கு?” என்றார் அவர், பாதி புரண்ட நிலையிலேயே.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நான் “அண்ணாச்சி, வலது பக்கம் திரும்புவமா?” என்று கேட்பேன். அவர் ராணுவத்து இந்தியில் “ஏக்… தோ!” என்று எண்ணுவார். தோ என்றதும் நான் தூக்க, அவரும் நல்ல காலை ஊன்றி உந்துவார். எனக்குப் பாதி பாரம் குறைந்தது. அவருக்கு அதைவிடப் பெரிய பாரம் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. ஒரு மாதத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையால் தானே கரண்டி பிடித்துச் சாப்பிடும் அளவுக்கு வந்துவிட்டார். கை நடுங்கும், பாதிச் சோறு மடியில் விழும். ஊட்டிவிட வந்தால் முறைப்பார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகத்தான் போனது. பகலில் நான் இருந்தேன். நான் போன பிறகு கோமதி அக்காதான் தனியாக அவரைப் புரட்டினார். ஒருநாள் காலையில் நான் போய்ப் பார்த்தால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர், இனிமேல் ஒரு தலையணையைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஆனால் பென்ஷனில் மருந்தும் சாப்பாடும் என் சம்பளமும் போக, இன்னொரு ஆளுக்கு இடமில்லை.

மீனா போனில் பேசினாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். “அப்பாவை இங்க சென்னையில ஒரு ஹோம்ல சேத்துருவோம்மா. நல்லா பாத்துக்கிடுதாங்க. நீ என் வீட்டுக்கு வந்துரு. ஞாயித்துக்கிழமை நானே வண்டி எடுத்துட்டு வாரேன்.”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் இருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது, சின்ன வீடு. அவளும் புருஷனும் வேலைக்குப் போகிறவர்கள். வேலாயுதம் அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, “சரிட்டி” என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்த பிறகு அக்கா பூண்டு உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். “இவிய பட்டாளத்துல இருந்தப்ப பதினாறு வருசம் லெட்டர்லயே குடும்பம் நடத்துனேன் தம்பி. இனிமே போன்லயா நடத்தணும்?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உரித்த பூண்டைத் தோலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை நான் தென்காசியில் முன்னாள் ராணுவத்தினர் கூடும் ஒரு சங்கத்துக்குப் போனேன். மருந்து சம்பந்தமான ஒரு தாள் வாங்கவேண்டியிருந்தது. அங்கே மேசையில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருப்பார். எல்லாருக்கும் பென்ஷன் காகிதம் எழுதிக் கொடுப்பவர். நான் கொண்டுபோன அண்ணாச்சியின் டிஸ்சார்ஜ் புத்தக நகலைப் புரட்டினார். ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கிற புத்தகம் அது. சேர்ந்தது, பிறந்தது, வாங்கிய பதக்கம் எல்லாம் அதில் இருக்கும். புரட்டியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இவருக்கு எண்பது முடிஞ்சு ஆறு மாசம் ஆகுதேப்பா! பென்ஷன் கூடிச்சா?”

“கூடலையே சாமி.”

“எண்பது முடிஞ்சா அடிப்படைப் பென்ஷன்ல அஞ்சுல ஒரு பங்கு கூடத் தரணும். வயசான காலத்துல ஆளு வச்சுப் பாக்கதுக்குத்தானே தாராங்க! பழைய பென்ஷன் ஆர்டர்ல பொறந்த தேதி எழுதாம விட்டிருப்பான். அதான் யாருக்கும் தெரியல. இந்தா, இந்தப் பாரத்துல கையெழுத்து வாங்கிட்டு வா. புஸ்தக நகலை வச்சு அனுப்புவோம். விட்டுப்போன மாசத்துக்கும் சேத்து வரும்.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தக் கூடுதல் பணம் வந்தால் இரவுக்கு ஆள் போடலாம். இரண்டு பேரும் பிரிய வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. அவர் சென்னைக்குப் போனால் எனக்கும் வேலை போய்விடும். அப்போது செல்வி ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். வரும் வழியில் ஒரு கடையில் நின்று, ஒரு ஸ்டாம்பு பேடும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நடுங்குகிற கையால் கையெழுத்துப் போட அவருக்குச் சிரமமாக இருக்கும், ரேகை வைத்துவிடலாம் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

சாரலில் நனைந்துகொண்டே போய் விஷயத்தைச் சொன்னேன். கோமதி அக்கா இடுப்பு வலியை மறந்து எழுந்தே விட்டார். அண்ணாச்சி மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஏன் அண்ணாச்சி?”

“போட மாட்டேன்னா போட மாட்டேன். விடு.”

அக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு காபி போட உள்ளே போனார். நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மனிதர் வீம்பு பண்ணுகிறார், ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து நிற்கப் போகிறது, இவருடைய நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். ஸ்டாம்பு பேடைத் திறந்தேன். பாரத்தை ஒரு அட்டையில் வைத்தேன். அவருடைய இடது கையை எடுத்தேன்.

விளங்காத கை அது. தினமும் நான் கழுவி, துடைத்து, விரல் விரலாக நீவிவிடுகிற கை. எதிர்த்து இழுக்க அதற்குத் தெரியாது. பெருவிரலை மையில் அழுத்தியும் விட்டேன். பாரத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மனுஷன் பயந்துபோயிருந்தார்.

“ஏலே முருகையா,” என்றார் மெதுவாக. “என் கையை விடு.”

விட்டேன். பெருவிரலில் இருந்த ஊதா மை அவர் வேட்டியில் பட்டது. அதைச் சட்டென்று துடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. “துடைக்கட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் துடைத்தேன். பிறகு அவராகவே பேசினார்.

“எனக்கு எண்பது ஆகலலே. எழுபத்தெட்டுதான்.”

“புஸ்தகத்துல…”

“புஸ்தகத்துல நான் சொன்ன பொய் இருக்கு. பாளையங்கோட்டை மைதானத்துல ஆளெடுக்க வந்தாங்க. எனக்குப் பதினாறு. பதினெட்டு வேணும்னாங்க. எங்க வாத்தியாரு கால்ல விழுந்து ரெண்டு வயசு கூட்டி எழுதி வாங்குனேன். எடையும் பத்தல. ஒரு தார்ல பாதியளவு வாழைப்பழத்தைத் தின்னு, வயிறு முட்டத் தண்ணியைக் குடிச்சு, தராசுல ஏறுனேன். இறங்குன உடனே வாந்தி. எடை மட்டும் சரியா இருந்துச்சு.” கொஞ்சம் சிரித்தார். பிறகு, “சர்க்காருட்ட ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கேன் முருகையா. அதை வச்சு இன்னும் பணம் வாங்கச் சொல்லுதியா?” என்றார்.

நான் அடுப்படிக்குப் போய், அக்காவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பெருவிரல் விஷயத்தையும் சொன்னேன். “வேற ஆளு பாத்துக்கிடுங்கக்கா, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை” என்றேன்.

அக்கா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். “அவிய விடுன்னு சொன்னதும் விட்டியா?”

“விட்டேன்.”

“அப்போ காபியைக் குடி. போறதைப் பத்தி அவிய சொல்லட்டும். இந்தா, இதை அவியட்ட கொண்டு போ. வேண்டாம், நானே வாரேன். எனக்கும் ஒரு கேள்வி இருக்கு.”

சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்து வயதில் இரண்டு கூடுதல் என்பது அக்காவுக்குக் கல்யாணத்திலிருந்தே தெரியும். ஜாதகம் பார்த்துத்தானே கட்டிவைத்தார்கள்!

“ஏங்க, பேங்க்ல அறுபது முடிஞ்சிட்டுன்னு சால்வை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் குடுத்து அனுப்புனாங்கள்லா? அன்னைக்கு உங்களுக்கு உள்ளபடி என்ன வயசு?”

“ஐம்பத்தெட்டு.”

“இன்னும் ரெண்டு வருசம் வேலை இருக்குன்னு அங்கன போய்ச் சொன்னியளா?”

“எப்பிடிட்டி சொல்ல? புஸ்தகத்துல அறுபதுன்னுல்லா இருக்கு.”

“ரெண்டு வருசச் சம்பளம் போச்சுல்லா. மீனாவைப் படிக்க வைக்க என் வளையலை வித்தோமே, அது அந்த ரெண்டு வருசத்துலதானே? அப்போ வாயைத் தொறக்காம வந்துட்டிய. பறிக்கும்போது புஸ்தகம் சொல்லுததுதான் சரி, குடுக்கும்போது மட்டும் ஜாதகம் சொல்லுததுதான் சரியோ? என்ன ஞாயம் இது?”

அண்ணாச்சி காபியை வாங்கிக்கொண்டார். இருபத்து நாலு வருடம் எல்லையில் நின்ற மனிதர், இந்தப் பக்கத்திலிருந்து சுடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

காபியைப் பாதி குடித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். “சரி. ஆனா நான் ஒளிச்சு வச்சு வாங்க மாட்டேன். அந்த சுபேதார்ட்ட நேர்லயே போய் உள்ளதைச் சொல்லுவேன். சொன்ன பொறவும் தரலாம்னா தரட்டும். முருகையா, சனிக்கிழமை ஆட்டோ சொல்லு.”

பிள்ளைகளா, இந்த இடத்தில் எனக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. இவர் அங்கே போய், ‘பொய் சொல்லித்தான் சேர்ந்தேன்’ என்று சொன்னால் இருக்கிற பென்ஷனுக்கே மோசம் வந்துவிட்டால்? ‘வண்டி கிடைக்கல அண்ணாச்சி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரால் போக முடியாது. நான் தூக்கினால்தான் அவர் கட்டிலைவிட்டு இறங்கவே முடியும். அந்த அதிகாரம் நம் கையில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். பயப்படுகிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொன்னேன். “பயந்துக்கோ, ஆனா ஆட்டோ சொல்லு” என்றார். சொன்னேன்.

சனிக்கிழமை, ஆட்டோவில் அவரை நடுவில் வைத்து, மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டுக் கொண்டுபோனோம். சங்கத்து மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்ததும், அண்ணாச்சி வலது கையைத் தூக்கி ஒரு சல்யூட் அடித்தார். “சாப், ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று ஆரம்பித்து, வாத்தியார், வாழைப்பழம், வாந்தி எல்லாம் சொன்னார். அறையில் இருந்த நாலைந்து முன்னாள் ராணுவத்தினரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

சுபேதார் பேனாவை மூடி வைத்தார். “எத்தனை பழம்?”

“எண்ணல சாப். இருபதுக்கு மேல இருக்கும்.”

“நான் பதினெட்டுப் பழம் தின்னேன். எனக்கு ஒரு வயசுதான் கூட்டினாங்க, அதனால பழமும் கொஞ்சம் கம்மி.” பின்னால் இருந்த ஒருவர், “எனக்கு ஒண்ணரை வயசு!” என்றார். இன்னொருவர் கை தூக்கினார். அறையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் சுபேதார் பாரத்தைத் தள்ளிவைத்தார். “வேலாயுதம், வயசுத் திருத்தம் வேணும்னா வேலையில இருக்கும்போதே கேட்டிருக்கணும். இப்போ அதை மாத்த உம்மாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. சர்க்காருக்கு உம்ம வயசு இந்தப் புஸ்தகத்துல இருக்கதுதான். உம்மைச் சேத்ததும் அதை வச்சுத்தான், பேங்க்லேர்ந்து அனுப்புனதும் அதை வச்சுத்தான். எண்பதுக்குத் தர வேண்டியதையும் அதை வச்சுத்தான் தருவான். நீரு சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீரு. போதும்.”

அண்ணாச்சி அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு பேனா கேட்டார். வலது கையால், ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ‘வே’ என்ற முதல் எழுத்து மட்டும் ஒரு நிமிடம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார், பார்த்தியாலே என்கிற மாதிரி. அந்தக் கை நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கொடுக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

மறுநாள் மீனா வந்தாள். அவளிடம் நேரில்தான் சொல்வேன் என்று அண்ணாச்சி யாரையும் போன் பண்ண விடவில்லை. பின் சீட்டை மடக்கி, மெத்தை எல்லாம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து சட்டை போட்டுத் தயாராக இருந்தார். கிளம்பத்தான் தயாராக இருக்கிறார் என்று நினைத்து, “ஏறுவமாப்பா?” என்றாள்.

“நான் வரலட்டி. உங்க அம்மையும் வரல. அன்னைக்குப் போன்ல சரின்னு சொன்னது தப்பு. உனக்குச் சிரமம் வைக்கப்பிடாதுன்னு சொன்னேன். ராத்திரிக்கு ஆளு வைக்கப் பென்ஷன்லயே வழி வருது. கொஞ்ச மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்த ஆளு சம்பளத்தை நீ பாத்துக்கிடுதியா?”

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மீனாவும் பார்த்ததில்லை போல. அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதாள். “இதைக் கேக்கதுக்கு உங்களுக்கு இத்தனை நாளாப்பா?” என்றாள். பிறகு வயது விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் வைக்கப் போறோம்னு சொந்தக்காரங்கள்ட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கனே!”

“ரெண்டு வருசம் கழிச்சு வை,” என்றார் கோமதி அக்கா. “சாமிக்குப் புஸ்தகம் தெரியாது, ஜாதகம்தான் தெரியும்.”

அன்று மாலை அந்த வண்டி, மெத்தையில் ஒரு பலாப்பழத்தைப் படுக்கவைத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பியது. கூடுதல் பென்ஷன் உடனே வரவில்லை, சங்கத்துக்குப் பலமுறை நடந்த பிறகு ஐப்பசியில் வந்தது. அதுவரை இரவு ஆளுக்கு மீனா கொடுத்தாள். எண்பதாம் கல்யாணமும் இரண்டு வருடம் கழித்து, உள்ளபடி எண்பதில், அதே வீட்டில் நடந்தது. போன வருடம் என் முழங்கால் இனி தூக்க முடியாது என்று சொல்லும் வரை நான் அங்கேதான் இருந்தேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். நீங்கள் பார்க்கிற பலருக்குச் சம்பளம் தருகிற பணம் இப்படிப் பென்ஷனிலிருந்துதான் வரும். அவர்களுக்கு வர வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அது நம் வேலைதான். ஆனால் ஒரே காகிதத்தில் அவர்கள் நன்மையும் உங்கள் சம்பளமும் சேர்ந்து இருந்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருங்கள். கழுவிவிடுவதால் அந்தக் கை நம்முடையது ஆகிவிடாது. எனக்கு அது ஒரு ஊதாப் பெருவிரலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வேலாயுதம் அண்ணாச்சிக்குப் புத்தகப்படி இப்போது எண்பத்து நாலு. எண்பத்தைந்தில் பென்ஷன் இன்னும் கொஞ்சம் கூடும் என்று கோமதி அக்கா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அண்ணாச்சி இந்த முறை தகராறு பண்ணவில்லை. அந்தக் கூடுதலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்க வேண்டும் என்று அவரேதான் சொல்லியிருக்கிறார். மீனா அதுவரை பொறுக்க மாட்டேன் என்று இப்போதே ஆள் கேட்டுவிட்டாள். அதனால் செல்வி, திங்கட்கிழமை நீ போகப்போவது அந்த வீட்டுக்குத்தான். போனதும் அவர் உன் வயதைக் கேட்பார். உள்ளதைச் சொல்.